ஹூஸ்டன் உரையும் இரு கத்தோலிக்கரும்

1960ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆம் நாள், ஐக்கிய அமெரிக்க நாட்டின் ஹூஸ்டன் நகரில், சீர்திருத்த சபைப் போதகர்கள் கூடியிருந்த அவையின் முன் ஒரு கத்தோலிக்கர் எழுந்து நின்றார். குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்ட ஜான் கென்னடிதான் அவர். உரோமைக்குக் கீழ்ப்படிகிற ஒருவர் நாட்டின் அரசியலமைப்புக்கு உண்மையாயிருக்க முடியுமா என்பதே அவையோரின் ஐயம். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2010இல், அதே நகரில் இன்னொரு கத்தோலிக்கர் அந்த உரையைக் கடுமையாகக் கண்டித்துப் பேசினார். பின்னர் 2012இல் குடியரசுக் கட்சியின் வேட்பாளராக முயன்ற ரிக் சாண்டோரம் அவர். ஒரே ஞானானத் தொட்டியிலிருந்து வந்த இருவர் இப்படி எதிரெதிரே நிற்பது ஏன்? இருவரில் யார் பக்கம் உண்மை?

அமெரிக்க அரசியலமைப்பின் 6ஆம் பிரிவு, பொதுப்பதவிக்குச் சமயத் தகுதி எதுவும் கேட்கலாகாது என்கிறது. 1791இல் நிறைவேறிய முதல் திருத்தம், அரசு ஒரு சமயத்தை நிறுவுவதையும் சமயச் சுதந்திரத்தைத் தடுப்பதையும் விலக்கியது. ஆயினும் ஏட்டிலிருந்த உரிமை மக்கள் உள்ளத்தில் இறங்க நெடுங்காலம் ஆயிற்று. 1928இல் பெரிய கட்சி ஒன்றின் சார்பில் அப்பதவிக்கு நின்ற முதல் கத்தோலிக்கரான ஆல் ஸ்மித் தோல்வியுற்றார். அவர் தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு. எனினும் அவரது சமயத்தின் மீது எழுந்த வெறுப்பை வரலாறு மறைக்கவில்லை.

இந்தப் பின்னணியில்தான் கென்னடி, திருச்சபையும் அரசும் முற்றிலும் பிரிந்திருக்க வேண்டுமென்றும், அரசுத் தலைவர் எப்படி நடக்க வேண்டுமென எந்த ஆயரும் கட்டளையிடலாகாது என்றும் கூறினார். அவ்வுரையில் பலரும் மறந்துவிடுகிற ஒரு பகுதி உண்டு. மனச்சான்றை மீறுவதா, நாட்டின் நலனை மீறுவதா என்ற நிலை வருமாயின், பதவியைத் துறப்பேன் என்றார் அவர். 1532இல் இங்கிலாந்தின் தலைமை அமைச்சுப் பொறுப்பைத் துறந்த புனித தாமஸ் மூர் நம் நினைவுக்கு வருகிறார். மனச்சான்று இல்லாதவன் பதவி துறப்பதைப் பற்றிப் பேசமாட்டான்.

அந்நாளில் திருச்சபைக்குள்ளும் இக்கேள்வி தீர்ந்திருக்கவில்லை. சமயச் சுதந்திரத்தை ஆதரித்து எழுதிய இயேசு சபை அருள்தந்தை ஜான் கோர்ட்னி மர்ரி, 1950களில் அப்பொருள் பற்றி எழுதாதிருக்குமாறு பணிக்கப்பட்டார். அதே மர்ரியின் சிந்தனைதான் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் பயன் தந்தது. 1965 டிசம்பர் 7ஆம் நாள் வெளியான சமயச் சுதந்திரம் பற்றிய ஏடு, சமயத்தில் வற்புறுத்தலுக்கு உட்படாதிருக்கும் உரிமை மனித மாண்பிலேயே வேரூன்றியது என்று போதித்தது.

இனி சாண்டோரமின் வழக்கைக் கேட்போம். பென்சில்வேனியா மாநிலத்தின் செனட் உறுப்பினராக 1995 முதல் 2007 வரை இருந்தவர். கருவிலுள்ள குழந்தையின் உயிருக்காக ஓயாமல் வாதாடியவர். உடல் வளர்ச்சியைப் பெரிதும் குலைக்கும் மரபணுக் கோளாறுடன் பிறந்த தம் மகளை அன்போடு வளர்த்தவர். நம்பிக்கையாளரின் குரல் பொதுவாழ்விலிருந்து விலக்கப்படுகிறது என்பது அவரது குறை. அதில் உண்மை இல்லாமலில்லை. அடிமை முறையை எதிர்த்தோர் பலர் விவிலியத்தைக் கையில் ஏந்தியே போராடினர். மார்ட்டின் லூத்தர் கிங் ஒரு போதகர் அல்லவா?

ஆனால் கென்னடி நம்பிக்கையாளரை வாய்மூடச் சொல்லவில்லை. 2012 பிப்ரவரி 26ஆம் நாள், அவ்வுரை தமக்குக் குமட்டலை உண்டாக்கிற்று என்ற பொருள்பட சாண்டோரம் தொலைக்காட்சியில் பேசினார். அச்சொல்லுக்காகப் பின்னர் வருந்தவும் செய்தார். இரண்டு நாள் கழித்து நடந்த மிச்சிகன் மாநில முன்தேர்தலில், மார்மோன் சமயத்தவரான மிட் ராம்னியிடம் தோற்றார். அங்கே கத்தோலிக்கரிலும் ராம்னிக்கு வாக்களித்தோரே மிகுதி.

சாண்டோரமின் அரசியலமைப்புக் கருத்துகளே பெரும் விவாதத்துக்கு உள்ளாயின. மணமானவர்களும் கருத்தடைச் சாதனங்களைப் பயன்படுத்தலாகாது என்ற கனெக்டிகட் மாநிலச் சட்டத்தை, 1965இல் உச்ச நீதிமன்றம் அந்தரங்க உரிமையின் பெயரால் நீக்கியது. அத்தகைய உரிமை அரசியலமைப்பில் இல்லை என்றார் சாண்டோரம். 2003இல் ஓரினச் சேர்க்கை பற்றிய வழக்கு நீதிமன்றத்தில் இருந்தபோது, அதை உரிமையென ஏற்றால் பலதார மணத்தையும் முறையற்ற உறவையும் ஏற்க வேண்டிவரும் என்று கூறிப் பெரும் எதிர்ப்பைச் சந்தித்தார்.

இங்கே மூன்று கேள்விகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. ஒரு செயல் பாவமா? அதைச் சட்டம் தடுக்க வேண்டுமா? அதைத் தீர்மானிக்கும் அதிகாரம் அரசியலமைப்பின்படி யாருக்கு? முதலாவது அறநெறி இறையியலுக்குரியது. மூன்றாவது சட்ட அறிஞருக்குரியது. அதில் நேர்மையுள்ள கத்தோலிக்கர் இருபுறமும் நிற்கலாம். 2022 ஜூன் 24 அன்று உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு அரசியலமைப்பு தரும் உரிமையன்று எனத் தீர்ப்பளித்தபோது, அது தீர்த்தது இந்த மூன்றாம் கேள்வியையே. இரண்டாம் கேள்விக்குப் புனித தோமா அக்குவினா வழிகாட்டுகிறார். மனிதச் சட்டம் நிறைவடையாத பெருந்திரளான மக்களுக்கானது. ஆகவே அது எல்லாத் தீமைகளையும் தடைசெய்வதில்லை. பிறருக்குக் கேடு விளைக்கிற, தடுக்காவிடில் சமுதாயமே நிலைக்காத கொடுமைகளையே முதன்மையாகத் தடுக்கிறது என்பது அவர் போதனை. இன்னோர் உயிரைப் போக்கும் கருக்கலைப்பும், மணமானோரின் கருத்தடையும் சட்டத்தின் முன் ஒன்றல்ல என்பது இதனால் விளங்கும். கருத்தடையைத் தடைசெய்ய மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்ற சாண்டோரமே, அத்தகைய சட்டத்துக்குத் தாம் வாக்களிக்க மாட்டேன் என்றார். இந்த வேறுபாட்டை அவரும் அறிந்தேயிருந்தார்.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். ஈராக் மீது போர் தொடுக்க அதிகாரமளிக்கும் தீர்மானத்துக்கு 2002இல் அவர் வாக்களித்தார். திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அப்போரைத் தடுக்க மன்றாடினார். கைதிகள் மீது கையாளப்பட்ட கொடிய விசாரணை முறைகளையும் சாண்டோரம் ஆதரித்துப் பேசினார். இன்றைய உலகில் திருச்சபை பற்றிய சங்க ஏட்டின் 27ஆம் எண்ணோ, கருக்கலைப்பையும் சித்திரவதையையும் ஒரே பட்டியலில் வைத்துக் கண்டிக்கிறது. பட்டியலில் பாதியைக் கட்சி தேர்ந்துகொள்ள, அதையே முழு நம்பிக்கை என்று நாம் ஏற்கலாமா? மறுபாதியை மட்டும் ஏற்கும் கட்சியினரிடமும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும்.

2012 ஜனவரியில் டெக்சாஸ் மாநிலத்தில் கூடிய எவாஞ்சலிக்கல் சபைத் தலைவர்கள், கத்தோலிக்கரான சாண்டோரமைத் தங்கள் வேட்பாளராக ஆதரித்தனர். கென்னடியை ஐயுற்ற அதே மாநிலத்தில் இந்த மாற்றம்! பழம்பகை மறைந்ததற்காக மகிழ்கிறோம். ஆனால் அவர்களை அந்நாளில் ஒன்றுசேர்த்தது நற்செய்தியா, தேர்தலா என்று எண்ணும்போது மகிழ்ச்சி சற்றுக் குறைகிறது.

நம்பிக்கையை ஆலய வாசலில் கழற்றி வைத்துவிட்டு வாக்குச்சாவடிக்குச் செல்வது ஒரு தவறு. நம்பிக்கையைக் கட்சியின் கையில் ஒப்படைத்துவிட்டுத் திரும்புவது இன்னொரு தவறு. கென்னடியைப் பின்பற்றுவோர் முதல் தவறுக்கும், சாண்டோரமைப் பின்பற்றுவோர் இரண்டாவதற்கும் அஞ்ச வேண்டும். சிறுபான்மையினராய் வாழும் நமக்கு இவ்விரண்டும் அயல்நாட்டுக் கதையல்ல. தேர்தல் காலத்தில் நம்மை நாடி வரும் வேட்பாளர் நம் அறநெறியைப் புகழும்போது, அவர் விட்டுவிட்ட பாதி எது என்று கேட்கும் துணிவு நமக்கு இருக்கட்டும்.