எம்டனை மிதக்க வைப்பது

எங்க ஊர்ப் பக்கம் ஒருத்தன் யார் கைக்கும் சிக்காமல் காரியத்தை முடித்துவிட்டால், "அவன் பெரிய எம்டன்ல!" என்பார்கள். குளத்தூரில் என் ஆச்சி இந்தப் பட்டத்தை எனக்கும், அவிழ்த்துக்கொண்டு ஓடும் வீட்டு ஆட்டுக்கும் பாகுபாடில்லாமல் கொடுப்பாள். அது ஒரு ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர் என்று அவளுக்குத் தெரியாது. எனக்கும் ரொம்ப நாள் தெரியாது. 2006-இல் 'எம்டன் மகன்' படம் 'எம் மகன்' ஆனபோதுதான், எம்டன் தமிழ்ச்சொல் இல்லையா என்று கேட்கத் தோன்றியது.

1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணி சுமார். கேப்டன் கார்ல் ஃபான் முல்லரின் எம்டன் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்றது. நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள். பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. அரை மணி நேரம்கூட ஆகவில்லை, கப்பல் இருட்டில் மறைந்துவிட்டது. அடுத்த நாட்களில் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஊரைக் காலி செய்தார்கள். பட்டணத்தை அலற வைத்த அந்தப் பெயர், கொஞ்சம் கொஞ்சமாகத் தெற்கே இறங்கிக் கரிசல்காட்டு வசவாகவும் பாராட்டாகவும் ஆகிவிட்டது.

அந்தக் கப்பலை நான் கட்டிப் பார்க்க ஆசைப்பட்டேன். ஷோகேஸில் வைக்கிற பொம்மை இல்லை. ரேடியோவில் ஓடுவது, சுடுவது, சுடப்படுவது.

இப்படி ஒரு விளையாட்டு இருக்கிறது. 1970களின் இறுதியில் அமெரிக்காவின் டெக்சாஸில் தொடங்கியது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் இருந்த நிஜப் போர்க்கப்பல்களை 1:144 என்ற அளவில் கட்டுகிறார்கள். அழுத்தப்பட்ட வாயுவால் சின்ன எஃகுக் குண்டுகளைச் சுடும் துப்பாக்கிகளை அதில் பொருத்தி, ஆழமில்லாத குளத்தில் மோதவிடுகிறார்கள். குண்டு பட்டால் நிஜமாகவே ஓட்டை விழும், கப்பல் நிஜமாகவே மூழ்கும். பிறகு இறங்கித் தேடி எடுத்து, ஒட்டுப்போட்டு, மறுபடி மிதக்க விடுவார்கள்.

இதற்கெல்லாம் மூத்தது நிக்கோலா டெஸ்லாவின் படகு. 1898-இல் நியூயார்க் மேடிசன் ஸ்குவேர் கார்டனில் நடந்த மின்பொருட்காட்சியில், ஒரு தொட்டித் தண்ணீரில், சுமார் நாலடி நீளப் படகைக் கம்பி இல்லாமல் திருப்பிக் காட்டினார். அதே ஆண்டு நவம்பர் 8-ஆம் தேதி காப்புரிமை கிடைத்தது. பார்த்தவர்களில் சிலர், அவர் மனசாலேயே படகை ஓட்டுகிறார் என்று நினைத்தார்களாம். கால் நூற்றாண்டு போவதற்குள் கடற்படைகள் நிஜக் கப்பலையே பொம்மையாக்கிவிட்டன. அமெரிக்காவின் பழைய போர்க்கப்பலான அயோவாவை ஆளில்லாமல் ரேடியோவில் ஓடவிட்டுச் சுட்டுப் பழகினார்கள். 1923-இல் அது அப்படியே மூழ்கியது. ஆக, ரேடியோவில் ஓடி அடிவாங்கி மூழ்கும் கப்பல் பையன்களின் கற்பனையில் மட்டும் பிறந்ததில்லை.

கணக்குக்கு வருவோம். எம்டனின் நீளம் சுமார் 118 மீட்டர். 144-ஆல் வகுத்தால் 82 சென்டிமீட்டர். அகலம் 13.5 மீட்டர், மாதிரியில் ஒன்பதரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு சாண்கூட இல்லை. எடைதான் ஆளைக் கவிழ்க்கிற இடம். நீளம் 144 மடங்கு குறைந்தால் கனஅளவு 29,85,984 மடங்கு குறையும். எம்டனின் 3,664 டன், மாதிரியில் ஒரு கிலோ 227 கிராம். மோட்டார், பேட்டரி, ரிசீவர், துப்பாக்கி, வாயுக் குப்பி, பம்பு, கப்பலின் உடல், எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அதற்கு மேல் ஒரு டம்ளர் தண்ணீர் உள்ளே வந்தால் கப்பல் ஏறக்குறைய நாலு மில்லிமீட்டர் இறங்கும். வந்த தண்ணீர் சும்மாவும் இருக்காது. கப்பல் சாய்கிற பக்கமே ஓடி, இன்னும் சாய்க்கும். ஒடுக்கமான கப்பல் பல நேரம் நிரம்பி மூழ்குவதில்லை, புரண்டு மூழ்குகிறது.

குண்டின் விட்டம் நாலரை மில்லிமீட்டர். நீர்மட்டத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் கீழே அந்த அளவில் ஒரே ஒரு ஓட்டை விழுந்தால், நிமிஷத்துக்கு 300 மில்லிக்கு மேல் உள்ளே வரும். ஓட்டை விழாமல் தடிமனான பலகை போட்டால் என்ன? போடக்கூடாது, விதி விடாது. விலா எலும்பு மாதிரி சட்டங்கள் உறுதியாக இருக்கலாம். அவற்றுக்கு இடையிலான தோல் மெல்லிய பால்சா மரத்தில்தான் இருக்க வேண்டும், குண்டு துளைக்கிற மாதிரி. தண்ணீர் புகவே கூடாது என்று கட்டுவது படகு. தண்ணீர் புகத்தான் செய்யும் என்று ஒப்புக்கொண்டு கட்டுவதுதான் சண்டைக் கப்பல்.

இது எனக்கு அப்போது புரியவில்லை. ஐப்பசி மழையில் கண்மாய் பெருகியதும் என் முதல் எம்டனைக் கொண்டுபோய் விட்டேன். எதிரி யாரும் இல்லை, ஒரு குண்டும் சுடப்படவில்லை. பத்து நிமிஷத்தில் பின்பக்கம் தாழ்ந்து மூழ்கிவிட்டது. இடுப்பளவுத் தண்ணீரில் காலால் துழாவி எடுத்தேன். ரிசீவர் செத்திருந்தது. இரண்டு மாசச் சேமிப்பு.

தூத்துக்குடியில் தோணி வேலை பார்த்த உறவுக்காரப் பெரியப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விசிறியைச் சுற்றும் தண்டு உடலைத் துளைத்து வெளியே போகிற இடத்தில் சுண்டு விரலை வைத்தார். "எல்லா எடத்தையும் அடைச்சிருக்க, வாசலைத் திறந்து போட்டுட்டயே ல?" தண்டு போகும் குழாய்க்குள் கிரீஸ் அடைக்க வேண்டும். நான் அடைக்கவில்லை. தண்ணீர் அந்தத் தண்டைப் பிடித்துக்கொண்டே உள்ளே ஏறி வந்திருந்தது.

அப்புறம் அவர் கலப்பத்தைப் பற்றிப் பேசினார். மரக்கப்பலில் பலகைக்கும் பலகைக்கும் நடுவே உள்ள இடுக்கில் பஞ்சுத்திரியை உளி வைத்து அடித்து இறக்குவது. மேலே எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தைப் பூசுவது. அதுதான் கலப்பத்து. இருந்தும் புதிதாகத் தண்ணீரில் இறக்கிய தோணி முதல் சில நாள் ஒழுகத்தான் செய்யும். ஆட்கள் இறைத்துக்கொண்டே இருப்பார்கள். மரம் ஊறி உப்பும். பஞ்சும் உப்பும். இரண்டும் நெருக்கி இடுக்கை மூடிவிடும். தண்ணீரே தண்ணீரை அடைக்கிறது.

கேட்டபோது எனக்குக் கண்மாய்தான் ஞாபகம் வந்தது. பங்குனி, சித்திரையில் எங்க கரிசல், கை நுழைகிற அளவு வெடித்துக் கிடக்கும். முதல் மழைத் தண்ணீரெல்லாம் அந்த வெடிப்பில்தான் போகும். பிறகு களிமண் உப்பி வெடிப்பு மூடும். அதற்கப்புறம்தான் கண்மாயில் தண்ணீர் நிற்கும். கரிசலின் இந்தக் குணத்துக்குக் காரணமான உப்பும் களிமண்தான் பென்டோனைட் என்ற பெயரில் கட்டடங்களில் நீர்த்தடுப்புக்கும் போகிறது. பருத்தியும் இந்த மண்ணில் விளைவதுதான். கடலுக்கும் கரிசலுக்கும் சம்பந்தம் இல்லை என்று நினைக்க வேண்டாம். சுதேசிக் கப்பல் கம்பெனியை 1906-இல் தொடங்கிய வ.உ.சி. பிறந்த ஒட்டப்பிடாரமும் இதே வறண்ட பூமிதான். அவருடைய கப்பல்களில் ஓட்டை இல்லை. கட்டணப் போட்டியும் சிறையும்தான் அந்தக் கம்பெனியை மூழ்கடித்தன.

இரண்டாவது எம்டனை வேறு மாதிரிக் கட்டினேன். சட்டங்களுக்கு மட்டும் எபாக்சி. பால்சா தோலுக்கு மெல்லிய தாள் ஒட்டி வார்னிஷ். மரம் ஊறி உப்புவது தோணிக்கு பலம், தாள் மாதிரி இருக்கிற பால்சாவுக்கு அது சாவு. அடித்தளத்தில் நடுவே ஒரு வாய்க்கால் விட்டு, இரண்டு பக்கமும் நுரைப்பலகையால் மேடாக்கினேன். எங்கே ஓட்டை விழுந்தாலும் தண்ணீர் அந்த வாய்க்காலில் இறங்கி நேராகப் பம்புக்குப் போக வேண்டும். ரிசீவருக்கு மட்டும் ரப்பர் வளையம் வைத்த மூடிபோட்ட டப்பா. வயர் நுழையும் துளைகளில் சிலிக்கான். ஆன்டெனா, நீர்மட்டத்துக்கு மேலே.

ரேடியோ அலைக்கும் தண்ணீருக்கும் ஆகாது. இப்போது எல்லாரும் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் விழுங்கிவிடும். நீர்மூழ்கிகளோடு பேச மிகத் தாழ்ந்த அலைவரிசை வேண்டும், அதற்கு மிக உயர்ந்த கோபுரம் வேண்டும். இந்தியக் கடற்படை அதற்கான நிலையத்தை 1990-இல் திருநெல்வேலிச் சீமையின் விஜயநாராயணத்தில் அமைத்தது. பெயர் ஐ.என்.எஸ். கட்டபொம்மன். கடலுக்கடியில் இருப்பவனுக்குச் செய்தி, பாஞ்சாலங்குறிச்சிக்காரர் பெயரால், காய்ந்த தரையிலிருந்து போகிறது.

நிஜ எம்டனுக்கு என்ன ஆனது? பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைவதற்காக அது ஒரு மாதிரி வேலை செய்தது. தனக்கு இருந்த மூன்று புகைபோக்கிகளோடு போலியாக நாலாவது ஒன்றை நிறுத்தி, ஆங்கிலேயக் கப்பல் மாதிரி உருமாறியது. அக்டோபர் 28-இல் ரஷ்யக் கப்பல் ஷெம்சுக்கை மூழ்கடித்தது. ஆனால் நவம்பர் 9-இல் கோகோஸ் தீவுகளில் ஆஸ்திரேலியாவின் சிட்னியிடம் மாட்டிக்கொண்டது. சிட்னியின் பீரங்கிகள் பெரியவை, எட்டும் தூரமும் அதிகம். புகைபோக்கிகள் சரிந்தன, சுக்கான் போனது, 130-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். மூழ்குமுன் முல்லர் கப்பலை வடக்குக் கீலிங் தீவின் பவளப்பாறையில் ஏற்றிவிட்டார்.

சண்டைக்கு முன் தந்தி நிலையத்தை உடைக்க எம்டனிலிருந்து கரை இறங்கிய சுமார் 50 பேர் தீவிலேயே விடப்பட்டிருந்தார்கள். அங்கே நின்ற ஆயிஷா என்ற பழைய மரக்கப்பலை எடுத்துக்கொண்டார்கள். அடிப்பலகை நைந்துபோன, ஒழுகுகிற பாய்மரக்கப்பல். அதில்தான் சுமத்ராவின் பாடாங் வரை போய்ச் சேர்ந்தார்கள். பிறகு வேறு கப்பலில் அரேபியா, 1915-இல் இஸ்தான்புல். இரும்புப் போர்க்கப்பல் பாறையில் கிடந்தது. ஒழுகுகிற மரக்கப்பல் ஆட்களைக் கரை சேர்த்தது. ஒழுகுகிறது என்று ஏறும்போதே தெரிந்திருந்தவர்கள், இறைத்துக்கொண்டே போனார்கள்.

எம்டனுக்குச் சென்னை உயர்நீதிமன்ற மதில் பக்கம் ஒரு நினைவுக்கல் இருக்கிறது. கப்பலின் உடல் பின்னாளில் பழைய இரும்பாக வெட்டி எடுக்கப்பட்டது. சொல் மட்டும் எங்க ஊரில் மிச்சம்.

போன ஐப்பசியில் என் இரண்டாவது எம்டனின் தோலில் ஒரு ஆணியால் நானே ஓட்டை போட்டுவிட்டுக் கண்மாயில் விட்டேன். கொஞ்சம் தாழ்ந்தது. பம்பு ஓடியது. பக்கவாட்டில் மெல்லிய நீர்த்தாரையைத் துப்பிக்கொண்டே கரைக்குத் திரும்பி வந்தது. கரையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஆச்சி அதைப் பார்த்துச் சொன்னாள்: "எம்டன்ல இது!"