நூலிழை தந்த விடுதலை

எங்கள் தியாகதுருகத்துக்கு மேற்கே கல்வராயன் மலை. மார்கழியில் அம்மலையூர்களுக்குச் சென்றால் ஒரு கம்பளியின் அருமை புலனாகும். பிறர்க்கெனப் பின்னிக் கொடுப்பதை வெறும் பொழுதுபோக்கு என்பார் உளர். மாணவச் செல்வங்களே, நூலும் ஊசியும் நம் நாட்டில் பேரறமே செய்திருக்கின்றன.

1819-இல் இலண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டும் அவர் துணைவியார் மார்த்தாவும் நாகர்கோவிலுக்கு வந்தனர். அவ்வூர் அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்தது. அடிமை முறை அங்கே நிலவிய காலம் அது. மார்த்தா அம்மையார் தம் பள்ளிச் சிறுமியருக்கு எழுத்தோடு லேஸ் பின்னவும் கற்பித்தார். திண்டின்மேல் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் நுண்தொழில் அது. விற்ற பணம் பள்ளிக்கு உதவிற்று. அடிமைச் சிறுமியர் சிலரோ தம் கூலியைச் சேர்த்துத் தம் விடுதலையைத் தாமே விலைக்கு வாங்கினர். திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிந்தது 1855-இல்தான்!

நம் காலத்திலும் அக்கைகள் ஓயவில்லை. 2016 ஜனவரியில் சென்னையில் பெண்கள் பலர் தனித்தனியே பின்னிய குரோஷாத் துண்டுகளை இணைத்து, 11,148.5 சதுர மீட்டர் போர்வையாக்கிக் கின்னஸ் சாதனை படைத்தனர். பின்னர் அதனைப் பிரித்து எளியோருக்கு வழங்கினர்.

போர்வை தருவது நல்லறம். எனினும், பின்னக் கற்றுத்தந்து அதன் ஊதியத்தைப் பின்னியவர் கையிலேயே சேர்ப்பது அதனினும் சிறந்தது என்பதே ஆசிரியனாகிய என் துணிபு. நாகர்கோவில் சிறுமியர் அதற்குச் சான்று.