புத்திமதியிலிருந்து செவிமடுத்தலுக்கு: உளவியல் ஆலோசனை வளர்ந்த வரலாறு

உளவியல் ஆலோசனை என்றதும் மனநோய்க்கான வைத்தியம் என்றோ, படித்தவர் சொல்லும் புத்திமதி என்றோதான் நம்மில் பலர் எண்ணுகிறோம். அதன் வரலாறு இந்த இரண்டு எண்ணத்துக்கும் இடம் தரவில்லை. வழி சொல்பவராக இருந்த ஆலோசகர் இருபதாம் நூற்றாண்டில் படிப்படியாகக் கேட்பவராக மாறினார். அந்த மாற்றத்தில் மருத்துவப் பட்டம் இல்லாத சாதாரண மனிதர்களுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1908இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஃபிராங்க் பார்சன்ஸ் தொடங்கிய தொழில் வழிகாட்டல் மையத்தை இத்துறையின் முதற்படியாகக் கொள்வது வழக்கம். எந்த வேலை தமக்குப் பொருந்தும் என்று திண்டாடிய இளைஞர்கள் அங்கே வந்தார்கள். ஆலோசகர் விசாரித்தார், எடைபோட்டார், வழி சொன்னார்.

திருப்பம் உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸிடம் நேர்ந்தது. ராச்செஸ்டர் நகரில் சிறுவர்களுக்கான மையத்தில் பணியாற்றியபோது, அடங்காத பிள்ளை ஒருவனின் தாயை அவர் சந்தித்தார். சிறுவயதில் மகனைத் தாய் ஒதுக்கியதே சிக்கலின் வேர் என்று பலமுறை பொறுமையாக விளக்கிப் பார்த்தார். பயனில்லை. இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று இருவரும் பேசி முடித்தார்கள். வாசல்வரை போன அந்தத் தாய் திரும்பி, பெரியவர்களுக்கும் இங்கே ஆலோசனை உண்டா என்று கேட்டார். உண்டு என்றதும் மறுபடி வந்து உட்கார்ந்து, தம் மணவாழ்க்கையின் துயரத்தைக் கொட்டினார். அதுவரை அவர் சொல்லியிருந்த குடும்ப விவரங்களில் இதன் சுவடே இல்லை. தொடர்ந்து நடந்த சந்திப்புகளில் அவருடைய மனப்பாரம் குறைந்தது. மகனின் நடத்தையும் சீரானது.

எங்கே வலிக்கிறது என்பது வந்தவருக்குத்தான் தெரியும் என்ற ரோஜர்ஸின் துணிபுக்கு இந்த அனுபவம் அடித்தளமானது. 1942இல் வெளியான அவருடைய நூல், வழிநடத்தாத ஆலோசனையை ஒரு முறையாகவே வகுத்தது. மக்கள் ஆலோசனையை நாடுவது ஏன் என்ற கேள்விக்கும் அந்தத் தாயின் கதையிலேயே விடை இருப்பதாக நான் கருதுகிறேன். பிள்ளையின் படிப்பு, தூக்கமின்மை என்று ஏதோ ஒன்றைச் சொல்லிக்கொண்டு வருகிறோம். சொல்ல நினைத்ததைச் சொல்வதற்குத் தைரியம் பிறகுதான் வருகிறது.

இங்கிலாந்தில் இதே உண்மை வேறு வழியாக வெளிப்பட்டது. 1935இல் இளம் பாதிரியாரான சாட் வரா, தற்கொலை செய்துகொண்ட 14 வயதுச் சிறுமி ஒருத்திக்கு இறுதிச் சடங்கு நடத்தினார். பூப்படைந்ததை ஏதோ தகாத நோய் என்று அஞ்சிய குழந்தை அவள். சந்தேகம் கேட்க ஒரு மனிதர்கூட இல்லை. அந்தச் சாவு அவரை விடவில்லை. 1953 நவம்பரில் லண்டன் செயின்ட் ஸ்டீபன் வால்புரூக் தேவாலயத்தில், மனம் உடைந்தவர்களுக்காக ஒரு தொலைபேசியுடன் உட்கார்ந்தார். தற்கொலை முயற்சி அங்கே 1961 வரை குற்றம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

உதவிக்கு வந்த தொண்டர்களின் வேலை, காத்திருப்பவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுத்துணையாக இருப்பது மட்டுமே. ஆனால் அவர்களிடம் மனம்விட்டுப் பேசியவர்களில் பலர், பாதிரியாரைப் பார்க்கத் தேவையில்லை என்று எழுந்து போனார்கள். இதைக் கவனித்த வரா, 1954 பிப்ரவரியில் கேட்கும் பொறுப்பைத் தொண்டர்களிடமே ஒப்படைத்தார். சமாரிட்டன்ஸ் அமைப்பு இப்படித்தான் உருப்பெற்றது. தம்மைத் தேடி வந்தவர்களை இன்னொருவர் கையில் விட்டுவிட ஒரு மத குருவுக்குப் பெரிய மனம் வேண்டும்.

அந்த முறை இலங்கையில் 1974இல் சுமித்ரயோ ஆகவும், சென்னையில் 1986இல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் நிறுவிய சிநேகா ஆகவும் வேர்விட்டது. தற்கொலை முயற்சியை இலங்கை 1998இல் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கியது. இந்தியாவிலோ தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு நீடித்தது. போலீஸ் வழக்குக்குப் பயந்து, நடந்ததை விபத்து என்று பதிய வைத்த குடும்பங்கள் எத்தனையோ. உண்மையை மறைத்த வீட்டில் பிழைத்து வந்தவர் தன் துயரத்தை யாரிடம் பேசுவார்? பெயர் கேட்காமல், கேட்டதை வெளியே சொல்லாமல் செவிகொடுத்த தொண்டர்களின் அருமை அந்தச் சூழலில்தான் விளங்கும்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும் எனக் கூறி, அரசு அவருக்குப் பராமரிப்பு தர வேண்டும் என்றும் விதித்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் அந்தப் பழைய பிரிவு இடம்பெறவில்லை. 2022 அக்டோபர் முதல் டெலி மானஸ் என்ற பெயரில் 14416 என்னும் இலவச எண்ணை இந்திய அரசே நடத்துகிறது. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.