எழும்பூர் ஸ்காத்துக் கோயிலும் உறைகிணறும்

கல்கத்தா வாழ் தமிழராகிய நாம், பழைய டல்ஹௌசி சதுக்கத்தருகே புனித ஆண்ட்ரூ ஆலயத்தின் கோபுர உச்சியில் சேவலொன்று வீற்றிருப்பதைப் பன்முறை கண்டிருக்கிறோம். 1818-இல் திறக்கப்பெற்ற அவ்வாலயத்துக்கு உடன்பிறப்பொன்று சென்னை எழும்பூரில், பூந்தமல்லி நெடுஞ்சாலையில் உண்டு. தென்பாண்டி நாட்டுக்கு வண்டியேற எழும்பூர் நிலையத்துக்கு விரையும் நம் அன்பர்களுள் எத்தனை பேர் அதனை ஏறிட்டு நோக்கியிருப்பரோ!

ஸ்காத்லாந்தியரின் பிரஸ்பிடீரியன் சபை, மேற்றிராணியாரின் ஆட்சியை ஏலாது மூப்பர் அவையால் நடைபெறுவது. 1813-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பட்டயம் புதுப்பிக்கப்பட்ட பின்னரே அச்சபையின் குருமார் மூன்று மாகாணத் தலைநகர்களிலும் அமர்ந்தனர். சென்னையில் அவர்களுக்கெனத் தேர்ந்த இடம், கோட்டைக்கு அப்பால், தோட்ட வீடுகள் நிறைந்த புறநகராகிய எழும்பூர். 1818 ஏப்ரல் 6-ஆம் நாள் கால்கோள் நிகழ்ந்தது. இலண்டன் புனித மார்ட்டின் ஆலயத்தை முன்மாதிரியாகக் கொண்டு ஜேம்ஸ் கிராண்ட் வரைந்த படத்தை, மேஜர் டி ஹாவிலாண்டு என்னும் பொறியாளர் கட்டடமாக்கினார்.

படம் இலண்டனைத் தழுவியதாயினும் மண் எழும்பூர் மண் அன்றோ! கூவத்தின் அண்மையால் அது நீர் கோத்த நெகிழ்நிலம். 166 அடிக்கு மேல் ஓங்கும் கோபுரத்தையும், 16 தூண்கள் தாங்கும் குவிமாடத்தையும் அந்நிலம் எங்ஙனம் தாங்கும்? விடை நம் நாட்டுக் கைத்தொழிலில் இருந்தது. ஏறத்தாழ 150 உறைகிணறுகள் இறக்கப்பெற்றன. அவற்றின் ஆழம் இடத்துக்கேற்ப 14 அடி முதல் 50 அடி வரை. அவற்றின் மேலேயே ஆலயம் எழுந்தது. அரிக்கமேட்டிலும் கீழடியிலும் அகழ்ந்தோர் கண்ட சுடுமண் உறைகிணறுகளை அறிந்தோர்க்கு இம்முறை புதிதாகத் தோன்றாது. கட்டடக் கலை நூல்கள் ஹாவிலாண்டைப் போற்றுகின்றன. போற்றட்டும், அவர் அதற்கு உரியவரே. எனினும் சேற்றில் இறங்கி உறை அடுக்கிய கூலியாட்களின் அறிவை அவருடைய கண்டுபிடிப்பாக எழுதிவிடுவது நேர்மையாகாது என்பது நம் கருத்து.

1821 பிப்ரவரி 25-ஆம் நாள் ஆலயம் திறக்கப்பெற்றது. குவிமாடத்தின் உட்புறம் நீலவண்ணந் தீட்டி விண்மீன்கள் பொறிக்கப்பெற்றுள்ளது. சித்திரை வெயிலிலிருந்து உள்ளே நுழைவோர்க்கு அது கண்குளிர் காட்சி.

இக்கோயிலின் குருமார் இருவர் 1835-இல் எழும்பூரில் சிறு பள்ளியொன்றைத் தொடங்கினர். 1837-இல் ஜான் ஆண்டர்சன் அதனை ஏற்று நடத்தினார். அதுவே பின்னர்ச் சென்னைக் கிறித்துவக் கல்லூரியாக வளர்ந்தது. டாக்டர் இராதாகிருஷ்ணன் பயின்றதும் அங்கேதான். கல்லூரி 1937-இல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. கோயில் மட்டும் எழும்பூரில் தன் கிணறுகளின்மேல் நிற்கிறது.