ரேடியோ நெல்லிலிருந்து செல்போன் வரை

காற்று வழியாக வருகிற சேதி நம்ம வயலுக்குள் எப்படி வந்தது, அதனால் நமக்கு ஆனது என்ன, ஆகாதது என்ன என்று இன்றைக்குப் பார்ப்போம்.

முதலில் வந்தது வானொலி. 1960களில் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல்லைப் பற்றித் திருச்சி வானொலி திரும்பத் திரும்பச் சொன்னது. தஞ்சாவூர் விவசாயிகள் கேட்டார்கள், விதைத்தார்கள். அந்த ரகத்துக்கே 'ரேடியோ நெல்' என்று பெயர் வந்துவிட்டது! ஆனால் வானொலி ஒருவழிப் பாதை. அது சொல்லும், நாம கேட்கணும். சந்தேகம் வந்தால் கடிதம் போட்டுவிட்டுக் காத்திருக்கணும்.

பிறகு இணையம் வந்தது. 1998ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூரில் தலைமை நிலையம். அங்கே சேதிகளைத் தமிழில் தயார் செய்து, வயர்லெஸ் மூலம் ஊர்களில் இருந்த கம்ப்யூட்டர்களுக்கு அனுப்பினார்கள். கரண்ட் நின்றால் சூரிய ஒளித் தகடு கைகொடுத்தது. மையத்தை நடத்தியவர்கள் உள்ளூர்க்காரர்கள்; அதிலும் பெண்கள் நிறையப் பேர். வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படை இணையத்தில் வெளியிட்ட அலை உயரக் கணக்கை எடுத்து மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் சொன்னார்கள். விவசாயிகளுக்கு விதை, உரம், விளைபொருள் விலையும், அரசுத் திட்டச் சேதிகளும் கிடைத்தன. இதில் ஒன்றைக் கவனிக்கணும். ஊருக்கு என்ன சேதி வேண்டும் என்று முதலில் விசாரித்தார்கள். அதனால்தான் அது பயன்பட்டது.

2004ல் கிசான் கால் சென்டர் வந்தது. 2018ல் தமிழக அரசின் உழவன் செயலி வந்தது. சந்தை விலை, வானிலை, மானியம் எல்லாம் இப்போது சட்டைப் பையில் இருக்கிறது.

சரி, நம்ம ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கம் வருவோம். இங்கே நம்ம கவலை தண்ணீர். பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்புப் போடுவார்கள். கழுவும்போது அந்த உப்பு கழிவு நீரோடு போகிறது. சாதாரணச் சுத்திகரிப்பில் கரைந்த உப்பு பிரியாது. அப்படித்தான் பாலாற்றங்கரைக் கிணறுகள் கெட்டன. 1996 ஆகஸ்ட் 28ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பிலேயே, ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் பாதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனது என்று பதிவாகியிருக்கிறது.

இந்த நிலத்துக்கு இணையம் என்ன செய்யும்? தக்காளி விலை ஏறுகிறது என்று செல்போன் காட்டும். உங்க கிணற்றில் எவ்வளவு உப்பு என்று அதுக்குத் தெரியாது. விலையை மட்டும் பார்த்து நட்டால், இலை ஓரம் கருகி நிற்கும். நாற்றுச் செலவும் போச்சு, கூலியும் போச்சு.

ஆகையால் முதலில் தண்ணீரைச் சோதியுங்க. மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை அலசி, ஒரு லிட்டர் பிடித்து, தாமதம் செய்யாமல் பரிசோதனை நிலையத்தில் கொடுங்க. மின் கடத்தும் திறன் 2.25க்கு மேல் இருந்தால் உப்பு மிக அதிகம் என்று பொருள். கோடையில் ஒரு தடவை, மழைக்குப் பின் ஒரு தடவை பார்ப்பது நல்லது. முடிவுச் சீட்டை செல்போனில் படம் பிடித்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்க. ஆலோசனை கேட்கும்போதெல்லாம் அந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்க. அப்போதுதான் வருகிற பதில் உங்க நிலத்துக்கான பதில்.

இன்னொரு பயனும் உண்டு. 2025 ஜனவரி 30ல் உச்ச நீதிமன்றம், பாதிக்கப்பட்டவர்களுக்கு நிலுவை இழப்பீட்டை அரசு கொடுத்துவிட்டு, மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்கச் சொன்னது. கிணறு கெட்டது என்று வாயால் சொல்வதைவிட, வருஷா வருஷம் எடுத்த சீட்டு பேசும்.

சேதி எங்கிருந்தும் வரலாம். தண்ணீர்க் கணக்கு உங்க கையில்தான் இருக்கணும்.