விளம்பரத்தை மறைத்தால் கூலி யார் தருவது?

போன மாசம் அம்மா சித்தூரிலிருந்து எங்களோடு இருக்க வந்தாங்க. மதியம் எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் போன பிறகு அவங்களுக்குத் துணை ஒரு போன்தான். யாரோ ஒரு பெண் தனியாளாக நடத்தும் சமையல் தளம் ஒன்றைத் தினமும் படிப்பாங்க. "ஏம்ப்பா, வெங்காயம் வதக்கறதுக்குள்ள நாலு தடவை கடன் வேணுமான்னு கேக்கறான்"னு புலம்பினாங்க. விளம்பரத் தடுப்பான் ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். ரெண்டு நிமிஷ வேலை.

மறுநாள் காபி குடிக்கும்போது கேட்டாங்க: "அந்த விளம்பரம் வந்தாத்தானே அந்தப் பொண்ணுக்குக் காசு?"

"ஆமாம்மா."

"அப்ப நீ என்ன பண்ணியிருக்கே?"

இருபது வருஷம் கணினித் துறையில் குப்பை கொட்டியவனிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து இதே யோசனை. எங்க ஊர்ப் பக்கம் இதுக்கெல்லாம் முன்னால் யார் காசு கொடுத்தாங்கன்னு கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தேன்.

முதலில் ரேடியோ. எங்க வீட்டு ரேடியோவுக்கு லைசென்ஸ் புத்தகம் ஒன்று இருந்தது. நைனா (எங்க வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) வருஷா வருஷம் தபாலாபீஸில் பணம் கட்டிவிட்டு வருவார். பாட்டு கேட்கக் கட்டணமா என்று இன்றைய பிள்ளைகள் சிரிக்கும். 1980களின் நடுவில்தான் அது ஒழிந்தது. ஆனால் வேடிக்கை என்னவென்றால், லைசென்ஸ் வாங்கிய ரேடியோவில் நாங்கள் அதிகம் கேட்டது இலங்கை வானொலி! 1952-ல் கேஸ்கர் அமைச்சராக வந்து ஆகாசவாணியில் சினிமாப் பாட்டை ஓரங்கட்டினார். ஜனங்கள் இலங்கைக்கு முள்ளைத் திருப்பிவிட்டார்கள். அங்கே பற்பசைக்காரனும் சோப்புக்காரனும் செலவை ஏற்றுக்கொண்டார்கள். 1957-ல் விவித்பாரதியைத் தொடங்கி, 1967-ல் அதிலும் விளம்பரத்துக்குக் கதவைத் திறந்தது நம் அரசு. தூர்தர்ஷனில் 1976-ல் விளம்பரம் வந்தது. விளம்பரம் வந்ததும் நைனா சத்தத்தைக் குறைத்துவிடுவார். அதுவும் ஒரு தடுப்பான்தானே :-) யாரும் அவரைத் திருடன் என்று சொன்னதில்லை.

அடுத்தது பத்திரிகை. வீட்டில் பேச்சு தமிழ், ஆனால் தாத்தா படித்தது 'ஆந்திர பத்ரிகா'. அதன் கதை அமிர்தாஞ்சன் கதை. காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பந்துலு 1893-ல் பம்பாயில் அந்த மஞ்சள் தைலத்தைத் தொடங்கினார். கச்சேரிகளில் இலவசமாகக் கொடுத்தே அதைப் பரப்பினார் என்பார்கள். (தலைவலி கச்சேரியாலா என்று கேட்காதீர்கள்.) தைலத்தில் வந்த காசில் பத்திரிகை. 1908-ல் பம்பாயில் வாரப் பத்திரிகையாகத் தொடங்கி, 1914-ல் சென்னைக்கு வந்து தினசரியானது. அவர் காங்கிரஸ்காரர், உப்பு சத்தியாகிரகத்தில் சிறை போனவர். சென்னையில் அவருடைய 'ஸ்ரீபாக்' வீட்டில்தான் 1937-ல் கடலோர ஆந்திரத் தலைவர்களும் ராயலசீமைத் தலைவர்களும் உடன்பாடு செய்துகொண்டார்கள். எங்க சித்தூர் உட்பட்ட ராயலசீமையில் இன்றும் அந்த ஒப்பந்தத்தைச் சொல்லிச் சண்டை போடுவார்கள். ஒரு தைலப் புட்டி எத்தனை தூரம் வந்திருக்கிறது பாருங்கள்!

காந்தி நேர் எதிர். தென்னாப்பிரிக்காவில் 1903-ல் தொடங்கிய 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகையில் முதலில் விளம்பரம் போட்டார். பிறகு நிறுத்திவிட்டார். 'யங் இந்தியா', 'நவஜீவன்' இரண்டையும் விளம்பரமே இல்லாமல் நடத்தினார். வேண்டும் என்பவர்கள் சந்தா கட்டட்டும் என்பது அவர் கணக்கு. சரியான கணக்குதான், ஆனால் அது காந்திக்கு நடந்தது. சமையல் குறிப்பு எழுதும் பெண்ணுக்கு நடக்குமா?

எனக்குப் பிடித்த உதாரணம் திருப்பதியிலேயே இருக்கிறது. தேவஸ்தானம் ஸ்ரீ வெங்கடேஸ்வரா பக்தி சேனலை 2008-ல் தொடங்கியது. தமிழ்ச் சேனல் 2017-ல் வந்தது. கல்யாண உற்சவத்துக்கு நடுவில் நகைக்கடை விளம்பரம் வந்தால் எப்படி இருக்கும்? 2020-ல் விளம்பரமில்லாத சேனலாக மாற்றினார்கள். அதோடு நிறுத்தவில்லை, சேனலுக்கான அறக்கட்டளைக்கு நன்கொடை கொடுங்கள் என்று வெளிப்படையாகக் கேட்டார்கள். நான் கவனித்தது இதைத்தான். விளம்பரத்தை எடுத்த கையோடு செலவுக்கு வேறு வழியைக் காட்டினார்கள். நான் அம்மா போனில் பாதி வேலையைத்தான் செய்திருந்தேன்.

ஏழுமலையானுக்குக் கொடுக்க ஆள் இருக்கிறது, மற்றவர்களுக்கு? என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயம்.

தடுப்பவர் பக்கமும் நியாயம் உண்டு. 1994-ல் முதல் இணைய விளம்பரப் பட்டை வந்தபோது அது சும்மா ஒரு படம். இன்று அப்படியா? அமிர்தாஞ்சன் விளம்பரம் நம் வீட்டுக்குள் எட்டிப் பார்த்து யாருக்குத் தலைவலி என்று குறித்துக்கொண்டதில்லை. இணைய விளம்பரம் அதைத்தான் செய்கிறது. அம்மா முட்டிவலிக்கு ஒரு முறை தேடினார்கள், ரெண்டு வாரம் முட்டி மாற்று அறுவை சிகிச்சை துரத்தியது. போதாததற்கு விளம்பரத்தின் வழியே கள்ள நிரல்களும் உள்ளே வருகின்றன. கதவைச் சாத்துவது தற்காப்பு என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் காவல்காரனும் காசு வாங்குகிறான். 2006-ல் வந்த ஆட்பிளாக் பிளஸ், 2011-லிருந்து 'ஏற்கத்தக்க விளம்பரங்கள்' என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. தொல்லை தராத விளம்பரங்களை மட்டும் விடுவார்களாம். சிறியவர்களுக்கு இலவசம், பெரிய கம்பெனிகள் மட்டும் அதற்குப் பணம் கட்ட வேண்டும். ஜெர்மனியில் ஆக்செல் ஸ்ப்ரிங்கர் பதிப்பகம் வழக்குப் போட்டது. 2018 ஏப்ரலில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தடுப்பான் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சட்டப்படி சரி. அம்மா கேட்டது சட்டம் இல்லையே.

கடைசியில் இப்படிச் செய்தேன். செய்தி நிறுவனம், கடன்காரன், யாரென்றே தெரியாத தளம் என்றால் தடுப்பான் இருக்கும். திருப்பதியில் இருக்கும் தம்பியை விட்டு அம்மா பெயரில் சேனலுக்கு 1,116 ரூபாய் கட்டச் சொன்னேன். சமையல் தளத்தில் பணம் கட்ட எந்த வழியும் இல்லை. அங்கே மட்டும் தடுப்பானை எடுத்துவிட்டேன்.

அம்மா இப்போதும் அதைத்தான் படிக்கிறாங்க. விளம்பரம் வந்தால் போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, வெங்காயத்தைக் கிளறிக்கொண்டே, "முடிஞ்சுதான்னு பாருப்பா"ங்கறாங்க.