புழுதிப் பலகையும் காகிதமும்

ஆயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட கணக்கு ஒன்றை, ஆறாம் வகுப்பிற் பயிலும் சிறுவன் ஒருவனிடம் அண்மையில் கொடுத்துப் பார்த்தோம். 325ஐ 243ஆல் பெருக்கவேண்டும். கி.பி. 1000ஐ ஒட்டி வாழ்ந்த கூஷ்யார் இப்னு லப்பான் என்னும் அறிஞர், இந்தியக் கணக்குமுறை பற்றித் தாம் எழுதிய நூலில் பெருக்கலுக்குக் காட்டிய உதாரணம் அது.

சிறுவன் 975, 1300, 650 என மூன்று வரிகள் எழுதினான். மூன்றையும் வலப்புறம் ஒரே நேராக நிறுத்திக் கூட்டி, 2925 என்று விடை கண்டான். வாய்பாட்டில் பிழையில்லை, கூட்டலிலும் பிழையில்லை. "இரண்டாம் வரியில் ஓர் இடம் தள்ளி எழுதவேண்டுமல்லவா?" என்று கேட்டோம். "சொல்லித் தந்தார்கள், மறந்துவிட்டேன்" என்றான். ஏன் தள்ளவேண்டும் என்பது அவனுக்குச் சொல்லப்படவேயில்லை போலும். அந்த 'ஏன்' என்பதற்கு நீண்டதொரு வரலாறு உண்டு.

கலீபா மாமூன் (813–833) காலத்துப் பக்தாதில் வாழ்ந்த அல் குவாரிஸ்மீ, இந்தியரின் ஒன்பது எண்ணுருக்களையும் சுழியையும் விளக்கி ஒரு நூல் செய்தார். அதன் அரபு மூலம் அழிந்துபோயிற்று. இலத்தீன் பெயர்ப்பே எஞ்சியது. அப்பெயர்ப்பின் வாயிலாக அவர் பெயரே திரிந்து, இன்று கணிப்பொறித் துறையார் வழங்கும் 'அல்காரிதம்' என்னும் சொல்லாயிற்று. அம்முறையில் கணக்கிட்டோர் பலகையொன்றில் மெல்லிய புழுதியைப் பரப்பி, விரலாலோ கோலாலோ எழுதினர். நம் திண்ணைப் பள்ளிகளில் மணலில் எழுதிப் பழகிய தலைமுறையினர்க்கு இது வியப்பளிக்காது.

கூஷ்யார் பெருக்கிய விதத்தைக் காண்போம். மேலே 325, கீழே 243. கீழெண்ணின் கடைசி இலக்கமாகிய 3, மேலெண்ணின் முதல் இலக்கமாகிய 3இன் அடியில் வருமாறு நிறுத்துகின்றார். மேலுள்ள அந்த 3ஆல் கீழெண் முழுவதையும் பெருக்கி, வந்த 729ஐ மேல்வரியிலேயே எழுதுகின்றார்; பழைய 3 அழிந்துபோகின்றது. மேல்வரி இப்போது 72925. பின்னர்க் கீழெண்ணை அழித்து, ஓரிடம் வலப்புறம் நகர்த்தி எழுதி, அடுத்த இலக்கமாகிய 2ஆல் பெருக்கிச் சேர்க்கின்றார்; மேல்வரி 77765 ஆகின்றது. மீண்டும் நகர்த்தி 5ஆல் பெருக்க, 78975 எஞ்சுகின்றது. இடம் தள்ளுதல் என்பது இங்கே மறக்கக்கூடிய விதியன்று; கையே எண்ணைத் தூக்கி நகர்த்துகின்றது. 325இல் உள்ள 3 உண்மையில் முந்நூறு என்பது கண்ணெதிரே நிற்கின்றது.

ஆயினும் இம்முறையில் ஒரு பெருங்குறை இருந்தது. கணக்கு முடிந்தபின் பலகையில் விடை மட்டுமே இருக்கும். வழியில் சறுக்கியிருந்தால் எங்கே சறுக்கினோம் என்று அறிய இயலாது. பரிசோதனைக்கென 'மீஸான்' என்னும் தராசுமுறை ஒன்று இருந்தது: இலக்கங்களைக் கூட்டி ஒன்பதுகளைக் கழித்துவிட்டு, எஞ்சியவற்றை ஒப்பிடுவது. அதையும் முற்றாக நம்பவியலாது. நம் சிறுவனின் 2925ஐ அத்தராசில் நிறுத்திப் பார்த்தோம். 325இல் எஞ்சுவது 1; 243இல் 0; பெருக்கினால் 0. 2925இன் இலக்கங்களைக் கூட்டினால் 18, எஞ்சுவது 0. தராசு நேராக நிற்கின்றது, விடையோ தவறு! அவன் செய்தது 2, 4, 3 ஆகியவற்றின் கூட்டலான ஒன்பதால் 325ஐப் பெருக்கியதுதான். இலக்கம் எங்கே நிற்கின்றது என்பதை அத்தராசு பார்ப்பதேயில்லை.

இக்குறைக்கு மருந்து கூஷ்யாருக்கு முன்னரே டமாஸ்கஸில் பிறந்துவிட்டது. ஹிஜ்ரி 341இல், அதாவது கி.பி. 952–53இல், அபுல் ஹஸன் அஹ்மது இப்னு இப்ராஹீம் அல் உக்லீதிஸீ என்பார் இந்தியக் கணக்குமுறை பற்றி விரிவானதொரு நூலை எழுதினார். அழித்தழித்து எழுதும் முறையை விடுத்து, மையாலும் காகிதத்தாலும் கணக்கிடும் முறைகளை அதில் அவர் வகுத்தார். அவர் கூறும் காரணங்களுள் ஒன்று சுவையானது. தெருவில் சோதிடம் சொல்லிப் பிழைப்போர் கையில் அப்பலகை இருப்பதால், மதிப்புள்ளோர் அதைக் கையிலேந்த நாணுகின்றனராம்! மானத்தைக் காக்கப் பிறந்த முறை கணக்கையும் காத்தது என்று நாம் சொல்லலாம். எட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே பக்தாதில் காகிதம் செய்யப்பட்டது; பலகையை விடுவதற்கோ அதன்பின்னும் நூற்றைம்பது ஆண்டுகள் கழிந்தன. பழக்கத்தின் வலிமை அத்தகையது. தசம பின்னங்களை முதன்முதல் கையாண்ட நூல்களுள் ஒன்றாகவும் வரலாற்றாசிரியர் போற்றும் இந்நூலுக்கு, 1157இல் படியெடுத்த ஒரே கையெழுத்துப் பிரதி இஸ்தான்புல்லில் எஞ்சியிருந்தது. அறிஞர் சயீதான் அதைப் பதிப்பித்தார். ஆங்கிலப் பெயர்ப்பு 1978இல் வெளிவந்தது.

காகிதம் வந்தபின் முறைகள் பெருகின. அவற்றுள் வலைக்கட்டம் அழகானது. 1427இல் சமர்கந்தில் அல் காஷீ நிறைவு செய்த 'மிஃப்தாஹுல் ஹிஸாப்' நூலில் அது உண்டு. இத்தாலியில் 1478இல் அச்சான திரெவீசோ கணக்கு நூலிலும் உண்டு. கட்டங்கள் வரைந்து, ஒவ்வொன்றையும் குறுக்குக்கோட்டால் இரண்டாக்கி, ஒருபுறம் பத்தையும் மறுபுறம் ஒன்றையும் எழுதுவர். சாய்வாகக் கூட்டினால் இடமதிப்பு தானே அமைந்துவிடும். வரைவதற்கு நேரம் பிடிக்கும் என்பதே குறை.

நம் சிறுவனுக்கு வலைக்கட்டம் காட்டவில்லை. 243ஐப் பிரித்துச் சொல்லுமாறு மட்டும் கேட்டோம். "இருநூறு, நாற்பது, மூன்று" என்றான். "அப்படியானால் இரண்டாம் வரியில் எதனால் பெருக்கினாய்?" என்றோம். சற்று நேரம் ஏட்டையே பார்த்திருந்தான். மூன்று வரிகளும் அழியாமல் அங்கேயே இருந்தன. 1300ஐ ஒட்டி ஒரு சுழியும் 650ஐ ஒட்டி இரண்டு சுழிகளும் இட்டுவிட்டு, மறுபடியும் கூட்டத் தொடங்கினான்.